அத்தியாயம் 7: ‘இப்போதைக்கு’ என்னும் கட்டுமானப் பொருள்

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று கணக்கு உண்டு. ஒன்று குறைந்தாலும் அந்த அப்பரைத் தூக்கி ஓரம் போட்டுவிடுவார். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் காலில் ஏறப்போகிற ஷூ, அதில் ஒரு நூல் பிசிறக்கூடாது. போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்துக் குழாயைச் சைக்கிள் டியூபால் சுற்றியிருந்தார். டியூபின்மேல் பால் கவர். கவரின்மேல் புடவைக் கிழிசல். அத்தனைக்கும் அடியில் முட்டுக்கு ஒரு செங்கல், சொட்டுக்கு ஒரு பெயின்ட் டப்பா.

“எப்போலேர்ந்து இப்படி?”

“தீவாளிக்கு முன்னாடி கட்டனது சார். இப்போதிக்கு ஓடுது.”

எந்தத் தீபாவளி என்று நான் கேட்கவில்லை. டப்பாவின் அடியில் பாசி கட்டியிருந்தது.

சிமென்ட், மணல், ஜல்லி, கம்பி எல்லாவற்றையும்விட நம் பக்கத்தில் அதிக காலம் உழைக்கும் பொருள் இந்த ‘இப்போதைக்கு’தான். வீட்டில் அது கயிறாக, டேப்பாக, அட்டையாக இருக்கும். தெருவில் அது பலகையாக நிற்கும். எல்லாவற்றையும் சரிசெய்யப் புறப்பட்டால் ஆயுள் போதாது. தோல் ஷாப்பில் செலக்‌ஷன் போடுவதுபோல இதிலும் தரம் பிரிக்கத் தெரிந்தால் போதும்: எதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம், எதை இன்று சாயங்காலத்துக்குள் பிரித்துப்போட வேண்டும்.

குழாயிலிருந்து தொடங்குவோம்

பாலாற்றுப் பக்கத்துக் குழாய்கள் சீக்கிரம் கெடுவதற்குப் பிளம்பரை மட்டும் குறை சொல்லக்கூடாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறப்போட்டுக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறும். பல பத்தாண்டுகளாக அது கிணற்றிலும் போரிலும் இறங்கியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அது அறிவித்ததால், சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடம் நடக்கிறது. சட்டப் புத்தகத்தில் புகழ்பெற்ற அதே உப்பு, நம் வீட்டுக் குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்து உட்கார்ந்திருக்கிறது. இரும்புக் குழாயைத் தின்கிறது. ஷவரின் இருபது துளையில் மூன்றை மட்டும் திறந்துவிட்டு, அந்த மூன்றையும் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுகிறது.

அதனால் தண்ணீர் வரத்துக் குறைந்தால் மோட்டாரைத் திட்டுமுன் ஷவர் தட்டைக் கழற்றி, புளி கரைத்த தண்ணீரிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் பழைய பல் பிரஷால் தேய்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சொட்டுகிற குழாய்க்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்தான் காரணம். சில ரூபாய்ச் சாமான். அதை மாற்றச் சோம்பல்பட்டுத்தான் நாம் குழாயை இறுக்கித் திருகுகிறோம். திருகத் திருக வாஷர் இன்னும் நசுங்குகிறது. கடைசியில் குழாயை மூட வீட்டிலேயே பலசாலியான ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

டெஃப்லான் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மரை உள்ள வாயை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் ஓடும் திசையில் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் பிரிந்து பூணூல்போல வெளியே தொங்கும். ஒரு வீட்டு மராமத்தை யார் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது அந்தத் தொங்கலைத்தான்.

எம்-சீல் அடுத்தது. இரண்டு துண்டையும் ஒரே நிறம் வரும்வரை பிசைய வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். நம் ஆட்கள் இரண்டு நிறமும் கோடுகோடாகத் தெரியும்போதே அப்பிவிடுவார்கள், அதுவும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும் குழாயின்மேல். ஈரத்தில் அது பிடிக்காது. பிடிக்கவில்லை என்றதும் இன்னொரு உருண்டை, அதன்மேல் இன்னொன்று. வாழைப்பூ அளவுக்கு வளர்ந்த ஓர் எம்-சீல் உருண்டையை ஒரு லாட்ஜ் குளியலறையில் பார்த்திருக்கிறேன். அதன் நுனியிலிருந்து தேன் வடிவதுபோலத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வால்வை மூடுங்கள், துடையுங்கள், உப்புத்தாளால் தேயுங்கள், பிறகு அப்பிச் சில மணி நேரம் விடுங்கள். பிறகும் ஒழுகினால் அந்த இடத்தை வெட்டிப் புதுத்துண்டு போடுவது ஒன்றே வழி.

மாடியில் ஓடும் வெள்ளை பி.வி.சி. குழாய், வேலூர் வெயிலில் சில வருஷத்தில் அப்பளம்போல முறுகிவிடும். அதற்கு ஒரு கை பெயின்ட் அடித்து வைப்பது அழகுக்காக இல்லை. கீசரிலிருந்து வரும் வெந்நீருக்கு அந்தக் குழாயைப் போடவே கூடாது; சந்தன நிறத்தில் சி.பி.வி.சி. என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தோல் வைத்தியம்

தோல் ஊரில் எந்தக் கோளாறுக்கும் ஒரு துண்டுத் தோல் மருந்தாகும். ஆடும் மேசைக்காலுக்கு அடியில், கீச்சிடும் கேட்டின் கீலில், உடைந்த சூட்கேஸ் கைப்பிடியில் தோல் துண்டைப் பார்க்கலாம். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஒரு காலத்தில் பம்பு ஸ்டவ்வின் காற்றை உள்ளே தள்ளியதும், சைக்கிள் பம்பை இயக்கியதும் தோல் வாஷர்தான். 1970-களில் கிராமம் கிராமமாக நட்ட இந்தியா மார்க் 2 கைப்பம்பின் உள்ளேயும் ஆரம்பத்தில் தோல் கிண்ணமே தண்ணீரை மேலே தூக்கியது. ரப்பர் பிறகு வந்தது. வீட்டில் பழைய பம்பு எதிலாவது காற்று ஏறவில்லை என்றால் தூக்கிப்போடாதீர்கள். உள்ளே இருக்கும் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். நாலு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் நீவி, ஒரு மணி நேரம் வைத்தால் விரிந்து உருளையை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலை இரும்பு ஆணியால் அடித்தால், ஈரம் பட்ட இடமெல்லாம் மை கொட்டியதுபோலக் கறுக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரி ஓவியர்கள் துணியில் கறுப்புக் கோடு இழுப்பது இதே சேர்க்கையால்தான். கோழிக்கூட்டுக் கதவுக்குத் தோல் கீல் போட்ட என் மாமா ஒருத்தர், மழைக்குப் பிறகு வெள்ளைக் கதவில் கண்ணீர் வடிந்ததுபோல நாலு கறுப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, யாரோ வைத்த வினை என்று ஒரு எலுமிச்சம்பழம் கட்டினார். பித்தளை ஆணி அடித்திருந்தால் போதும்.

இங்கே சிரிக்கக்கூடாது

மின்சாரத்தில் ‘இப்போதைக்கு’ என்பது கொலைகாரன். மூன்று கண் சாக்கெட்டின் மேல் துளையில் தீக்குச்சியோ ஸ்க்ரூ டிரைவரோ குத்தி, இரண்டு கால் பிளக்கை நுழைக்கிற வித்தை எல்லா வீட்டிலும் உண்டு. அந்த மேல் துளை எர்த். பிளக்கின் எர்த் கால் நீளமாக இருப்பது, உள்ளே போகும்போது முதலில் தொடவும் வெளியே வரும்போது கடைசியில் பிரியவும்தான். அதுதான் மற்ற இரு துளைகளின் மூடியைத் திறக்கும் சாவி. குச்சியால் திறக்கிறவர் பூட்டை உடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே போகிறார். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான கம்பியை முறுக்கிப் போடுவதும் அப்படித்தான்: இனிமேல் ஃப்யூஸ் போகாது, வயரிங்தான் போகும்.

வாங்க வேண்டிய ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்பேன். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். தெருக்கம்பத்தில் கம்பி தொங்கினால் நீங்கள் குச்சி எடுக்க வேண்டாம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ 94987 94987 எந்நேரமும் எடுக்கும்.

பலகைக்கு வயது பார்ப்பது

வீட்டை விட்டு வெளியே வந்தால் ஆபத்துக் குறைவு, வேடிக்கை அதிகம். மரத்துக்கு வளையம்போல நம் பக்கத்துக் கடைப்பலகைக்கு மாவட்டப் பெயர். ‘வடாற்காடு மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால் 1989-க்கு முந்தைய கை. அந்த ஆண்டு மாவட்டம் இரண்டாகி, ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர், மறுபாதி வட ஆற்காடு அம்பேத்கர் ஆனது. 1990-களின் பிற்பாதியில் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் போனபோது ‘வேலூர் மாவட்டம்’ வந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டன. பலகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரே தெருவில் நின்ற இடத்தில் நின்றபடி மூன்று மாவட்டங்களைப் பார்க்கலாம்.

சந்தேகம் தீரவில்லையா, தொலைபேசி எண்ணை எண்ணுங்கள். 2000-களின் தொடக்கத்தில் எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள். வேலூரில் ஆறு இலக்கம் ஏழானது, ஆம்பூரில் ஐந்து ஆறானது. பல பலகைகளில் அந்த 2 மட்டும் வேறு நிறத்தில், கொஞ்சம் சாய்ந்து, ஓடும் பஸ்ஸில் தாவி ஏறியவன்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலை எண்ணும் இப்படித்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ராணிப்பேட்டை வரை ஓடிய சாலை முன்பு 46. நாடு முழுக்க எண்களை மாற்றியபோது 48-இல் சேர்ந்தது. முகவரி கேட்டால் பெரியவர்கள் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள், மேப்பில் வேறு காட்டும். இரண்டும் ஒரே ரோடு, பயப்பட வேண்டாம்.

எந்தப் பக்கம் போவது?

கடைப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும், ஆங்கிலம் அடுத்து, பிற மொழி மூன்றாவதாக, 5:3:2 அளவில் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தெருக்களில் அந்த மூன்றாவது பெரும்பாலும் உருது. தமிழ் இடமிருந்து வலம், உருது வலமிருந்து இடம். ஆம்பூரில் ஒரு சந்து முனையில் பெயின்டர் ஒருவர் தமிழ் வரி முடிகிற இடத்தில் வலப்பக்கம் பார்க்கும் அம்பு போட்டிருந்தார். உருது வரிக்கும் அதே மரியாதை தரவேண்டும் என்று, அது முடிகிற இடத்தில் இடப்பக்கம் பார்க்கும் அம்பு. தமிழ் படித்தவர் டெய்லர் கடைக்கும், உருது படித்தவர் ஒரு முட்டுச் சுவருக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எதிர்ப் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன். “ரெண்டு பேருமே கடைசில நம்மகிட்டதான் பாய் கேப்பாங்க” என்றார் என்னோடு வந்த நண்பரிடம். உண்மைதான். மும்மொழிப் பலகை எதையும் முழுக்க நம்பாதீர்கள், பெட்டிக்கடையைக் கேளுங்கள்.

வேலூரில் நான்காவது மொழி உண்டு. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.; வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அங்கே நோயாளிகள் வந்தபடி இருக்கிறார்கள். அதனால் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் வங்க எழுத்து. ஊர்க்காரன் தன் ஊரிலேயே எழுத்துக்கூட்டத் தெரியாதவனாக நிற்கலாம். வருகிறவர்களுக்கோ வேறு புதிர்: ரயிலில் வேலூர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் வராது. இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் காட்பாடி. வேலூர் கன்டோன்மென்ட் என்று ஒரு நிலையம் இருக்கிறது, அது விழுப்புரம் போகும் பாதையில். வெளியூர் உறவினருக்கு வழி சொல்லும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாலைக் குறிகளுக்கு மட்டும் ஒரு சுருக்கு வழி: சிவப்பு வட்டம் தடை, சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை, நீலக் கட்டம் தகவல். மைல்கல்லில் மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை.

ரகரமும் றகரமும்

‘அறை வாடகைக்கு’ என்பதை ‘அரை வாடகைக்கு’ என்று எழுதிய பலகை வேலூரில் ஒரு மாடிப்படியில் தொங்கியது. பாதி வாடகை என்று நினைத்து ஏறிப் போய்க் கேட்டேன், வேண்டுமென்றேதான். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “மாத்தலாம்தாங்க. ஆனா இதப் பாத்துட்டுதான் தெனம் நாலு பேரு மேல வராங்க” என்றார். மலைப்பாதையில் ‘இறக்கம்’ போய் ‘இரக்கம்’ வந்தால் ‘அபாயகரமான இரக்கம்’ ஆகும். கடன் கொடுத்துப் பழகியவர்களுக்கு அதன் பொருள் புரியும். ‘பல்லி மாணவர்கள் கடக்கும் இடம்’ ஊருக்கு ஊர் உண்டு. கையால் எழுதிய காலத்தில் ஒரு பிழை ஒரு பலகையோடு போகும். ஃப்ளெக்ஸ் வந்தபின் அதே பிழை இருபது பிரதியாகி, ஒரே இரவில் ஊரைச் சுற்றிக் கட்டப்படுகிறது. அச்சுக்குக் கொடுக்குமுன் வீட்டில் தமிழ் படிக்கும் ஏதாவது ஒரு பிள்ளையிடம் காட்டுங்கள். கணினித் திரையில் பார்க்காமல் தாளில் எழுதிக் காட்டுவது உத்தமம்.

‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று சுவர் முழுக்க எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. எந்த நோட்டீஸும் செய்யாத சேதத்தை அந்த மூன்றடி எழுத்து செய்கிறது என்பதை யோசிக்கலாம்.

பொய்போலத் தெரியும் பலகை

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி எல்லோருக்கும் தெரியும்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசி உருப்படி 1981-இல் செல்லாததாகிவிட்டது. எப்போதோ பாதுகாப்புக்காக வெளியே போய், சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் அந்த ஆண்டு கோட்டைக்குள் திரும்பினார். தலைமுறை தலைமுறையாக நீண்ட ஒரு ‘இப்போதைக்கு’.

முதல் உருப்படியைத்தான் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். பாலாற்றங்கரையில் ‘ஆழமான பகுதி, குளிக்காதீர்’ என்ற வகைப் பலகை மணலுக்கு நடுவே நிற்கும். பக்கத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், சில இடங்களில் அதுவே ஸ்டம்ப். எனக்கும் அது நெடுநாள் சிரிப்பாகத்தான் இருந்தது. 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடிக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது என்று பெரியவர்கள் சொன்னபோது அது பழங்கதையாகத் தெரிந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைகொள்ளாமல் ஓடியதைப் பாலத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். பலகைகள் தண்ணீருக்கு அடியில் இருந்தன. தரைப்பாலத்தின்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் வண்டியை இறக்காதீர்கள். அடியில் பாலம் இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது.

மலைக்குப் போகிறவர்களுக்கு

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு. தமிழ்ப் புலவர்கள் ஏழு பேர், கடையெழு வள்ளல்கள் ஏழு பேர். முதன்முறை போகிறவர்கள் ஏதோ நினைவுச் சின்னம் என்று இறங்கிப் போட்டோ எடுப்பார்கள், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். இந்தப் பெயர்களுக்கு நல்ல பயன் ஒன்று இருக்கிறது. வண்டி மக்கர் பண்ணினால் மெக்கானிக்குக்குப் போன் செய்து “பாதி மலையில் நிற்கிறோம்” என்று சொல்லாதீர்கள், அவர் எந்தப் பாதி என்று தேடுவார். வளைவின் பெயரைச் சொல்லுங்கள். மலையேறும் முன் சக்கரமும் பிரேக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், மாலையில் திரும்புவதானால் ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வளைவில் உங்களுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். எங்கள் கார் போன முறை நின்றது பாரி வளைவில். முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவிட்டு நடந்துபோனவர் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே வண்டியை விட்டுவிட்டு நாங்களும் நடந்தோம். சாயங்காலம் மெக்கானிக் பையன் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தான். ரேடியேட்டர் குழாயைச் சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றிவிட்டு, “இப்போதிக்கு ஊரு போய்ச் சேந்துடும் சார்” என்றான்.